தவில் நொண்டிய கதை

எங்கள் வீட்டில் கொம்பியூட்டர் பழுதானால் அது கொம்பியூட்டரின் குற்றம் இல்லை, என் குற்றம். நாலு வருடத்துக்கு முதல் பக்கத்து வீட்டுப் பிரிண்டரில் சிக்கின கடதாசியை ஒருநாள் இழுத்து எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து முள்ளியவளையில் எங்கள் ஒழுங்கைக்கு நான்தான் 'கொம்பியூட்டர் தெரிஞ்ச ஆள்'. அந்தப் பட்டத்தை யாரும் திருப்பி வாங்கிக்கொள்வதாக இல்லை.

இந்த வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ரொறன்ரோவிலிருந்து மாமா வந்திருந்தார். பெரியம்மாவின் தம்பி. எல்லாரும் சொக்லேட் கொண்டுவருவார்கள், இவர் ஒரு பென் டிரைவும் கொண்டுவந்தார். 1994இல் ஊரை விட்டுப் போகும்போது பையில் போட்டுக்கொண்டு போன பழைய கசெற்றுகளை, பென்சன் எடுத்த பிறகு பொழுது போகாமல், ஒவ்வொன்றாக எம்பி3 ஆக்கியிருக்கிறார். மொத்தம் நாற்பது கோப்பு. பெயர்: 01, 02, 03. எதற்குள் என்ன இருக்கிறது என்று மாமாவுக்கே தெரியாது. "போட்டுக் கேளுங்கோவன்" என்று சொல்லிவிட்டுப் பிளேன் ஏறிவிட்டார்.

பதினேழாம் நம்பரைத் தட்டினேன். தவில்.

பக்கத்து வளவில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த பெரியப்பா, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் வந்தார். எழுபத்தைந்து வயது. கதிரையில் இருக்கவில்லை, யன்னலடியில் நின்றே கேட்டார்.

"இது தெட்சணாமூர்த்தியடா."

யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தெட்சணாமூர்த்தி காலமானது 1975இல். அப்போது பெரியப்பாவுக்கு இருபத்தைந்து வயது. திருவிழாத் திருவிழாவாகச் சைக்கிளில் திரிந்து கேட்ட ஆள். அவரிடம் போய் "எப்படிக் கண்டுபிடிச்சீங்கள்?" என்று கேட்கக்கூடாது, கேட்டால் இரவுச் சாப்பாடு பிந்தும். கதிரையை இழுத்துப் போட்டேன். கண்ணை மூடித் தொடையில் தாளம் போடத் தொடங்கினார். அடி, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அடி, வீச்சு, அடி, வீச்சு. கொஞ்ச நேரத்தில் கை அந்தரத்தில் நின்றது.

"தம்பி, தவில் நொண்டுது."

"பழைய கசெற் பெரியப்பா. அப்படித்தான் இருக்கும்."

"கசெற் இழுக்கும், நெளியும், இரையும். விழுங்காது. இது விழுங்குது. தெட்சணாமூர்த்தி தாளம் பிழைக்கிற ஆளில்லை. உன்ர பெட்டிதான் பிழைக்குது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இருந்தாலும் கொம்பியூட்டர் தெரிந்த ஆள் 'கேட்கவில்லை' என்று சொல்லலாமா? தலையை ஆட்டிவிட்டு டாஸ்க் மனேஜரைத் திறந்தேன். மகன் திறந்து வைத்திருந்த குரோம் பக்கங்களை எண்ணினால் நல்லூர்த் திருவிழா நாட்களை விடக் கூட. எல்லாவற்றையும் மூடினேன். திரும்பவும் தொடக்கத்திலிருந்து போட்டேன். கொஞ்ச நேரத்தில் பெரியப்பாவின் கை மறுபடி அந்தரத்தில் நின்றது.

சரி, வயராக இருக்கும் என்று மேசைக்குப் பின்னால் புகுந்தேன். புகுந்து வெளியே வந்தபோது தவில் அடியோடு நின்றுவிட்டது. ஸ்பீக்கரில் உஸ் என்ற இரைச்சல் மட்டும். இப்போது மனைவியும் வந்து சேர்ந்தா. "இஞ்சேருங்கோ, என்ர பாட்டு ஏதாவது போட்டுப் பாருங்கோ" என்றா. போட்டேன். வயலின் வந்தது, கிற்றார் வந்தது, ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. பாடகரைக் காணவில்லை. பல்லவி போனது, சரணம் போனது, பின்னணிக்காரர் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறார்கள், பாட வேண்டியவர் லீவு.

"பாடினவர் எங்க போனவர்?" என்று பெரியப்பா உண்மையாகவே யோசித்தார்.

இந்த இடத்தில் நான் உண்மையிலேயே கெட்டிக்காரன். ஸ்பீக்கர் பிளக் பச்சைத் துளைக்குள் முக்கால்வாசிதான் போயிருந்தது. அந்தப் பிளக்கில் இடது, வலது, இரண்டுக்கும் பொதுவான ஏர்த் என்று மூன்று தொடுகை. ஏர்த் தொடாமல் விட்டால் ஸ்பீக்கருக்கு இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் போய்ச் சேரும். பாடகரின் குரலை இரண்டு பக்கமும் சரிசமமாகப் பதிவுசெய்வார்கள். சமத்திலிருந்து சமம் போனால் மிச்சம் சைபர். பெரியப்பாவின் பழைய கசெற்றோ முழுக்க முழுக்க மோனோ, இரண்டு பக்கமும் ஒன்றே. அதனால் தவில்காரர் ஆளோடு மறைந்துவிட்டார். பிளக்கைப் பெருவிரலால் அழுத்தினேன். 'டக்'. எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

ஆனால் நொண்டலும் திரும்பி வந்தது.

அடுத்த நாள் சீபியூவை மோட்டார் சைக்கிளில் கட்டி, கொம்பியூட்டர் திருத்துகிற கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். கடைப் பெடியன் பாட்டைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஃபோமற் அடிச்சால் சரியாகும் அண்ணை. சரிவராட்டி மதர்போட்." வீட்டுக்கு வந்து சொன்னேன். "தலையிடி எண்டு போனால் தலையை மாத்தச் சொல்றாங்கள்" என்றார் பெரியப்பா.

நானே கழற்றினேன். இது சோழகக் காலம், புழுதி யன்னல் சீலையிலேயே நிற்காது. சீபியூவுக்குள் ஒரு வயல் விதைக்கக் காணும். காற்றாடிக்கு அடியில் வெப்பத்தை இறக்குகிற அலுமினியத் தகடுகளுக்கு இடையில் புழுதி பஞ்சாகப் படிந்திருந்தது, ஓரத்தில் இரண்டு பல்லிமுட்டைக் கோது. சூடு ஏறினால் புரொசெசர் தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதுதான் காரணம் என்று எனக்கு நூறு வீதம் நிச்சயம். (அந்த ஒரு கிழமைக்குள் எனக்கு நூறு வீதம் நிச்சயமான காரணங்களில் இது மூன்றாவது.)

சைக்கிள் பம்பால் காற்றடித்தேன். மகனிடம் ஈர்க்குத் துண்டு ஒன்றைக் கொடுத்துக் காற்றாடியைச் சுழலவிடாமல் பிடிக்கச் சொன்னேன். "ஏனப்பா?" என்றான். "காற்றில சுத்தினால் அதுவே ஒரு குட்டி டைனமோ. போர்ட்டுக்குள்ள கரண்ட் திருப்பி அனுப்பும்."

டைனமோ என்ற சொல்லை நான் சொல்லியிருக்கக்கூடாது.

"டைனமோவைப் பற்றி நீ சொல்லு, நாங்கள் கேப்பம்" என்று பெரியப்பா கதிரையை முன்னுக்கு இழுத்தார். பிறகு அரை மணித்தியாலம் தொண்ணூறுகளின் போர்க்கால வன்னி. கரண்ட் இல்லை, பற்றறிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கையால் பெடலைச் சுற்றுவது. டைனமோ பின் ரயரில் உரசும். அதிலிருந்து வருவது ஆறு வோல்ற், ஆனால் ஏசி. டயோட் போட்டு டீசி ஆக்காமல் குடுத்தால் றேடியோ முக்கிவிட்டுச் செத்துப்போகும். ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும், வேகம் கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. "இந்தக் கையால எத்தனை செய்தி, எத்தனை பாட்டு. ஒருநாள் ஒரு சொல்லு விழுங்கினதில்லை" என்று வலது கையை நீட்டிக் காட்டினார். மகன் ஈர்க்கைப் பிடித்தபடி வாய் பார்த்துக்கொண்டு நின்றான். பாதிப் புழுதி அவன் வாய்க்குள்.

பூட்டினேன். போட்டேன். நொண்டல் கொஞ்சம் குறைந்ததுபோல எனக்குப் பட்டது, பெரியப்பாவுக்குப் படவில்லை. அதோடு புதிதாக ஒரு குறை. "இப்ப தொப்பி உடைஞ்சமாதிரிக் கேக்குது." தவிலின் இடந்தலையைத் தொப்பி என்பார்கள், குச்சியால் அடிக்கிற பக்கம். ஒவ்வொரு அடியும் கிழிந்து கிழிந்து வந்தது.

அது மகனின் கைவரிசை. தாத்தாவுக்கு வடிவாகக் கேட்கட்டும் என்று பிளேயரில் சத்தத்தை 125 வீதத்துக்கு ஏற்றி, ஈக்வலைசரில் பேஸ் கம்பிகளையும் உச்சிக்குத் தள்ளியிருந்தான். பெரியப்பாவுக்கு விளங்கப்படுத்தினேன். நெல் அளக்கிற கொத்து இருக்கிறதல்லவா? விளிம்புக்கு மேல் குவிந்ததைத் தடியால் வழித்துவிடுகிறோம். கொம்பியூட்டருக்கும் ஒரு கொத்து இருக்கிறது. 16 பிற் ஒலியில் அதன் விளிம்பு 32,767. அதற்கு மேல் எவ்வளவு அள்ளிக் கொட்டினாலும் தடி வழித்துவிடும். ஒலி அலையின் முடி தட்டையாகும், காதுக்கு அது கிழிசலாகக் கேட்கும். சத்தம் வேண்டுமென்றால் ஸ்பீக்கரில் கூட்ட வேண்டும், பிளேயரில் அல்ல.

"அப்ப அளக்கிறவன் பெரிய கொத்து வச்சிருக்கலாம்தானே?"

பதில் இருக்கிறது, 24 பிற் என்று ஒன்று இருந்தாலும் அதில் கொத்து பெரிதாகாது, அளவுக் கோடுகள்தான் நுணுக்கமாகும். நான் சொல்லவில்லை. மாடு கறக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

எல்லாம் குறைத்து நூறில் வைத்தேன். தொப்பி சரியானது. நொண்டல் நொண்டலாகவே நின்றது. இரண்டு நாள் அந்தப் பக்கமே நான் போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் பெரியப்பா தானே வந்தார், முதல்நாள் பின்னேரம் முழுக்க மகனோடு இருந்து முதல் ஏழு நிமிடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறாராம். கையில் ஒரு கடதாசி, பால் கணக்கு எழுதுகிற கொப்பியிலிருந்து கிழித்தது. அதில் கோடுகள்.

"பதினைஞ்சு ஆவர்த்தனத்துக்கு ஒருக்கா விடுது. சில நேரம் பதினாறு. வேற எங்கையும் விடேல்லை."

நான் அந்தக் கடதாசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, ஏறத்தாழ நாலு விநாடி. பதினைந்து நாலு அறுபது. நிமிடத்துக்கு ஒரு தடவை! சூடு என்றால் இப்படி நேரம் பார்த்து வராது. புழுதிக்கு மணிக்கூடு இல்லை. ஒழுங்காக நிமிடத்துக்கு ஒருதரம் எழும்பி ஏதோ வேலை பார்க்கிற ஆள் ஒருவர் பெட்டிக்குள் இருக்கிறார்.

லேட்டன்சிமொன் என்று ஒரு இலவச சொஃப்ற்வெயார் இருக்கிறது. பெட்டிக்குள் எந்த டிரைவர் (ஒவ்வொரு உறுப்பையும் இயக்குகிற சின்னச் சொஃப்ற்வெயார்) எவ்வளவு நேரம் புரொசெசரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டும். இறக்கி ஓடவிட்டேன். பச்சையாக ஓடிக்கொண்டிருந்த கோடு நிமிடத்துக்கு ஒரு தடவை சிவப்பாகப் பாய்ந்தது. ஆளின் பெயரும் போட்டிருந்தது: வைஃபை. பின்பக்கம் யூஎஸ்பியில் குத்தியிருந்த, நகமளவு வைஃபை துண்டு. அக்கம்பக்கத்தில் வேறு வைஃபை இருக்கிறதா என்று அது நிமிடத்துக்கு ஒரு தரம் தேடிப் பார்க்கிறது. எங்கள் ஒழுங்கையில் என்னத்தைத் தேடுகிறதோ தெரியாது.

சீடித் தரத்தில் ஒரு விநாடிப் பாட்டு என்பது 44,100 துண்டு. கொம்பியூட்டர் அதைத் துண்டு துண்டாகக் கொடுக்காது, அள்ளி அள்ளித் தொட்டியில் ஊற்றும். பத்து மில்லிசெக்கன் தொட்டி என்றால் ஒரு அள்ளலுக்கு 441. அந்தப் பக்கம் ஸ்பீக்கர் குடித்துக்கொண்டே இருக்கும். ஊற்றுகிறவரை யாராவது கூப்பிட்டுக் கதைகொடுத்தால் தொட்டி வற்றும், மாடு வெறுந்தொட்டியை நக்கும். அந்த நக்கல்தான் பெரியப்பாவுக்குக் கேட்ட நொண்டல். முப்பது மில்லிசெக்கனோ நாற்பதோ. எனக்குக் கேட்காதது அவருடைய தொடைக்குத் தெரிந்திருக்கிறது.

வைஃபை துண்டைப் பிடுங்கினேன். மகன் போட்ட சத்தம் வேறு கதை. பிறகு போனிலிருந்து புது டிரைவரை எடுத்துப் போட்டு, பெரியப்பா முன்னால் இருபது ஆவர்த்தனம், நாற்பது ஆவர்த்தனம் என்று பரீட்சை வைத்து, துண்டைத் திரும்பக் குத்தினேன். பெரியப்பாவின் கை ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அன்று பின்னேரம் முழுக் குடும்பமும் விறாந்தையில். பதினேழாம் நம்பரை முதன்முதலாக முழுதாகக் கேட்கப் போகிறோம். அதுவரை ஒருநாளும் ஏழு நிமிடத்தைத் தாண்டியதில்லை, நொண்டியதும் நான் நிறுத்தி ஏதாவது செய்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து போடுவேன். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. பெரியம்மா படியில் இருந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தா.

பதினோராவது நிமிடம். கனமாக விழுந்துகொண்டிருந்த தவில் திடீரென்று மெலிந்தது. தகரப் பேணியில் தட்டுவதுபோலக் குரல் ஏறியது, வேகமும் ஏறியது, தெட்சணாமூர்த்தியை நாய் துரத்துவதுபோல ஒரு பத்து விநாடி. பிறகு இறங்கி, ஒன்றும் நடக்காததுபோலப் பழையபடி.

நான் மவுசில் பாய்ந்தேன். "44,100 இல் பதிஞ்சதை 48,000 இல் ஓட்டினால் இப்படித்தான் கீச்சிடும், ஒரு நிமிசத்தில..."

"பொறு" என்று பெரியப்பா என் கையைப் பிடித்தார். "இது விழுங்கேல்லை. நெளியுது. இது கசெற்."

பாக்குவெட்டி நின்றது.

"இதிலதானே மாடு அவிட்டுக்கொண்டு கத்தரிக்குள்ள போனது?" என்றா பெரியம்மா.

ஒருவரும் பேசவில்லை. பெரியப்பா முகட்டைப் பார்த்தார். பெரியம்மா எங்களுக்கு விளங்கப்படுத்தினா. 1993. றேடியோவில் தவில் போனது, தம்பி கசெற்றைப் போட்டு றெக்கோட் கட்டையை அமத்தினவன், இவர் பெடல் சுத்தினவர். மாடு போகுது எண்டு நான் கத்தினன். இவர் திரும்பிப் பாத்தவர்.

திரும்பிப் பார்த்ததில் கை தளர்ந்திருக்கிறது. கை தளர டைனமோ தளர்ந்து, ரேப் மெதுவாக ஓடிப் பதிந்திருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் கீச்சிட்டுக்கொண்டு ஓடும். மாமா அந்தக் கசெற்றைத்தான் கனடாவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

"ஒரு சொல்லு விழுங்கினதில்லை எண்டு அண்டைக்குச் சொன்னீங்கள் தாத்தா" என்றான் மகன்.

"விழுங்கேல்லைத்தானே. நெளிஞ்சது."

"முப்பது கண்டு" என்றா பெரியம்மா. "பிஞ்சு பிடிச்ச கண்டு முப்பது. ஒண்டும் மிஞ்சேல்லை."

"முப்பதோ? பத்துக்கு மேல இல்லை."

"நான் எண்ணினனான்."

"இருட்டில என்னெண்டு எண்ணினனீ?"

பன்னிரண்டாம் நிமிடம், பதின்மூன்றாம் நிமிடம். ஒரு கிளிக் இல்லை, ஒரு கிழிசல் இல்லை, தவில் தண்ணீர்போல ஓடிக்கொண்டிருந்தது. கத்தரி முப்பதிலிருந்து இருபத்திரண்டுக்கு இறங்கி, அதில் இருவரும் விடாப்பிடியாக நின்றார்கள். நான் எழும்பிப் போய் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தேன், அவர்கள் கதைக்கிறது கேட்கவில்லை.