கோணல் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்

தீபாவளி நெருங்கினால் கோலாலம்பூர் பேரங்காடிகளின் நடுக்கூடத்தில் அரிசிக் கோலம் விரிந்துவிடும். சுற்றி நின்று படம் எடுப்பவர்களில் பலர் வாசலில் கோலம் போட்ட வீட்டில் வளர்ந்தவர்கள் அல்லர். மலாய்க்காரர், சீனர், வெளிநாட்டுப் பயணி என்று எல்லாரும் மேல்மாடிக் கம்பியில் சாய்ந்து நிற்பார்கள். அழகு எல்லோருக்கும் பொதுவா, அவரவர் மனசா என்கிற பழைய வழக்கைப் புத்தகத்தில் தேடுவதைவிட இந்தத் தரையில் விசாரிப்பது சுலபம்.

வட்டத்தில் இருந்தே தொடங்கலாம். 4 மீட்டர் குறுக்களவு, எட்டு இதழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு 2 மீட்டர் ஆரத்தில் சாக்பீஸால் சுற்ற வேண்டும். நைலான் கயிறு வேண்டாம். இழுத்த இழுப்புக்கு நீளும், வட்டம் முட்டையாகிவிடும். இரும்பு அளவுநாடா நல்லது. எட்டு இதழுக்கு அடுத்தடுத்த குறிகளுக்கு நடுவே நேர்க்கோட்டில் 1 மீட்டர் 53 சென்டிமீட்டர் வரும். இந்த அளவை வைத்து ஒரே திசையில் குறித்துக்கொண்டே போவதுதான் பலரும் செய்கிற தப்பு. ஒவ்வொரு முறையும் 1 சென்டிமீட்டர் கூடினால், ஏழு இடைவெளி முடிந்து வரும்போது கடைசி இதழுக்கு 1 மீட்டர் 46தான் மிஞ்சும், பக்கத்து இதழைவிட 8 சென்டிமீட்டர் ஒல்லியாக. முதலில் நடுவழியே இரண்டு கோடுகளைச் செங்குத்தாகப் போட்டுவிட்டு, ஒவ்வொரு கால்வட்டத்தையும் பாதியாக்கினால் பிழை அந்தக் கால்வட்டத்தோடு அடங்கிவிடும்.

அந்த ஒல்லி இதழ் இருக்கிறதே, கோலத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கூட அதைத்தான் முதலில் பார்ப்பார். என்ன குறை என்று சொல்லத் தெரியாது, ‘ஏதோ ஒரு மாதிரி இருக்கு’ என்பார். பொது என்று நான் ஒப்புக்கொள்வது இதை மட்டும்தான். ஒத்திருக்க வேண்டியது ஒத்திராவிட்டால் எந்த ஊர்க் கண்ணுக்கும் அது உறுத்தும்.

கண்ணின் எல்லையும் ஓரளவு எல்லோருக்கும் ஒன்றே. நல்ல பார்வை பிரித்தறிவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 15 மீட்டர் தள்ளி மேல்மாடியில் நிற்பவருக்கு அது சுமார் 4 மில்லிமீட்டர். அதைவிட மெல்லிய கோட்டில் எவ்வளவு நுணுக்கம் காட்டினாலும் அவருக்குப் போய்ச் சேராது. அதனால் எல்லைக்கோட்டை 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல் போடுங்கள்.

அரிசிக் கணக்கு: இந்த வட்டத்தை 4 மில்லிமீட்டர் கனத்தில் நிரப்ப ஏறக்குறைய 40 கிலோ வேண்டும். 1 கிலோ பச்சரிசிக்கு உணவுச் சாயத்தூள் 1 தேக்கரண்டி, வினிகர் 2 மேசைக்கரண்டி போதும். பிளாஸ்டிக் பையில் போட்டுக் குலுக்கி, மெல்லிசாகப் பரப்பி, மின்விசிறிக் காற்றில் ஒரு இரவு விட வேண்டும். அரிசியைக் கழுவாதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். ஈரம் ஏறினால் கஞ்சி கசிந்து கட்டி பிடிக்கும், பக்கத்து நிறத்தில் சாயம் இறங்கும். நம்மூர் ஈரக்காற்றில் அது காய்வதற்குள் புளித்த வாடையும் வந்துவிடும். விளிம்புக்கு நொய்யரிசியை வையுங்கள். முழு அரிசி குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தால் கோடு ரம்பப்பல் போலத் தெரியும். நடுவில் தொடங்கி வெளியே வர வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் வருஷா வருஷம் யாராவது மிதித்துவிடுகிறார்கள்.

நிறத்துக்கு வந்தால் ஒற்றுமை உடைகிறது. மஞ்சள் வெளிச்சம் போடும் கூடத்தில் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றோடொன்று கரைந்துபோகும், நீலம் கருத்துவிடும். இது விளக்கின் வேலை, எல்லோருக்கும் பொது. ஆனால் நல்ல நாள் கோலத்தில் கறுப்பு தூக்கலாக இருந்தால் முகம் சுளிப்பது நம் வளர்ப்பு. வெள்ளைக் கோட்டுக்குச் செங்காவிக் கரை கட்டினால் நமக்கு வாசல் நினைவு வருகிறது. சீனர் வழக்கத்தில் வெள்ளை துக்கத்தோடு சேர்ந்த நிறம். துக்க வீட்டு வாசலில் கோலம் இருக்காது என்று தெரிந்தவருக்கு வெறும் தரையே பேசும், தெரியாதவருக்கு அது வெறும் தரைதான்.

இன்னும் ஆழமான பிளவு, புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைந்து பின்னுகிற சிக்குக் கோலத்தில் இருக்கிறது. நேர்ப்புள்ளி வைத்து, அதாவது வரிசைகளை நேருக்கு நேராக வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எல்லாம் கோடு குறுக்கிடும்படி வளைத்துப் போட்டால், இழை எத்தனை, அதாவது தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் தனித்தனிக் கோடு எத்தனை என்பதைப் புள்ளிக் கணக்கே சொல்லிவிடும். இரண்டு பக்க எண்களுக்கும் பொதுவான மிகப்பெரிய வகு எண் எதுவோ அத்தனை இழை. 3×4 என்றால் ஒரே இழை. 4×6 என்றால் இரண்டு. 3×3 என்றால் மூன்று. அந்த மூன்றையும் ஒன்றாக்க, வெவ்வேறு இழைகள் சந்திக்கும் இரண்டு இடங்களில் குறுக்கீட்டை வெட்டி இணைக்க வேண்டும். வெட்டியதும் நான்கு பக்கமும் ஒத்திருந்த அமைப்பு போய்விடும்.

ஆக, மேல்மாடிக்காரருக்கு வெட்டாத 3×3 அழகு. கீழே குனிந்து, விரலால் இழையைத் தொடர்ந்து, கையை எடுக்காமல் தொடங்கிய இடத்துக்கே வந்து சேருகிற பாட்டிக்கு வெட்டியதுதான் அழகு. நல்ல ரசனைக்குப் பயிற்சியும் ஒப்பிட்டுப் பார்த்த பழக்கமும் வேண்டும் என்று ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1757-இல் எழுதினார். சரிதான், ஆனால் பயிற்சி பெற்றவர் அதே பொருளை இன்னும் நன்றாகப் பார்க்கிறார் என்று மட்டும் சொன்னால் போதாது. பாட்டி பார்ப்பது வேறொரு பொருளை. அவருக்குக் கோலம் என்பது கை போன வழி, மேலே நிற்பவருக்கு அது ஒரு படம்.

இரண்டு பேரையும் ஒரே தரையில் திருப்திப்படுத்த வேண்டுமானால் அடுத்தடுத்த எண்களை எடுங்கள்: 4×5, 5×6. இடமும் வலமும் ஒக்கும், மேலும் கீழும் ஒக்கும், எங்கும் வெட்டாமலே இழையும் ஒன்றாக ஓடும். வட்டம்தான் வேண்டும் என்று நிற்கிற பேரங்காடி நிர்வாகத்தை நீள்சதுரத்துக்குச் சம்மதிக்க வைப்பது உங்கள் சாமர்த்தியம்.