231, பிறகு 282

பிரிட்டனின் மிக உயரமான மலையான பென் நெவிஸ் போக வழிகாட்டி தேடி வருபவர்கள் முதலில் கேட்பது கூர்முகட்டைப் பற்றித்தான். கால் வைக்க எவ்வளவு அகலம் இருக்கும், இரண்டு பக்கமும் பள்ளமாமே, தலை சுற்றுமா? ஸ்காட்லாந்து ஹைலேண்ட்ஸில், கார்ன் மோர் ஜெரக் மலையிலிருந்து பென் நெவிஸுக்கு வில்லாக வளைந்து போகிற முகடு அது. நீளம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். கேட்பவர்கள் மேல் தப்பில்லை, படத்தில் பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். இந்த வேலையில் இருப்பவர்களுக்குக் கவலை தருவது வேறு இடம். முகடு முடிந்து, உச்சியைத் தொட்டு, எல்லோரும் படம் எடுத்துக்கொண்ட பிறகு எதிரே கிடக்கும் தட்டையான கல்வெளி.

சுற்று டோர்லண்டியில் உள்ள நார்த் ஃபேஸ் கார் நிறுத்தத்தில் தொடங்கி அங்கேயே முடிகிறது. சுமார் 17 கி.மீ. நடை, ஏறத்தாழ 1,500 மீட்டர் ஏற்றம். மலைநடைக்கு நேரம் கணிக்க 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதியை இன்றும் பயன்படுத்துகிறோம்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் ஆறு மணி நேரத்தில் திரும்பிவிடலாம். ஆறு பேர் கொண்ட குழுவுக்கு உண்மையில் பத்து ஆகும். பாறைக் குவியலில் மணிக்கு 5 கி.மீ. நடக்க யாராலும் முடியாது. ஒருவர் ஷூ கயிறு கட்ட நின்றால் ஆறு பேரும் நிற்பார்கள். இறக்கத்துக்கு விதி நேரமே ஒதுக்கவில்லை, 1,300 மீட்டர் இறங்கும் முழங்காலோ ஏற்றத்துக்கு ஈடாக நேரம் கேட்கும். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் இந்தப் பிழையை மலை மன்னித்துவிடும். அக்டோபர் கடைசியில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிய பிறகு ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அப்போது காலை ஏழுக்குப் புறப்படாத குழுவை அழைத்துப் போகக் கூடாது. தலைவிளக்கு எந்த மாதமும் பையில் இருக்க வேண்டும்.

காட்டைத் தாண்டியதும் அல்ட் அ வூலின் ஓடை பக்கத்தில் வரும். அடிவாரத்தில் உள்ள விஸ்கி ஆலைக்கும் இந்த ஓடைத் தண்ணீர்தான். பாட்டிலை இங்கேயே நிரப்பிக்கொள்ள வேண்டும், மேலே முகட்டில் தண்ணீர் கிடையாது. ஆளுக்கு 2 லிட்டர். கூடவே ஓடையின் மட்டத்தையும் பார்த்து வைக்க வேண்டும். மாலையில், இறங்கும் பாதையின் பாதிவழியில் உள்ள ஏரிப் பக்கமாகத் திரும்பி வரும்போது இதே ஓடையைக் கால் நனைத்துத்தான் கடக்க வேண்டியிருக்கும். காலையிலேயே பாறைகள் மூழ்கி, வானிலை அறிக்கையும் மதியத்துக்கு மேல் மழை என்றால், திரும்பும் வழியை அப்போதே மாற்றிவிட வேண்டும். களைத்த கால்களோடு கரையில் நின்று எடுக்கிற முடிவு பெரும்பாலும் தவறாகவே இருக்கும்.

காற்றில்லாத கோடைக் காலையில் மிட்ஜ் என்கிற பொடிப் பூச்சிகள் முகத்தை மொய்க்கும். கொஞ்சம் காற்று எழுந்தால் போய்விடும். அதனால் கீழே காத்திருக்கும் நேரத்தைக் குறைத்து, அறிவுரைகளை மேலே காற்றோட்டமான இடத்தில் சொல்வதே நல்லது. பூச்சியைத் தட்டிக்கொண்டிருப்பவர் காதில் எதுவும் ஏறாது.

ஓடையை விட்டு இடப்பக்கம் திரும்பி கார்ன் பெக் ஜெரக் என்ற சிறிய உச்சியை நோக்கி ஏறும் 700 மீட்டர்தான் இந்த நாளின் மிகச் சலிப்பான பகுதி. சதுப்பு, புல், பிறகு உருளும் கல். வழிகாட்டி ஆட்களை எடைபோடுவதும் இங்கேதான். பேசிக்கொண்டே ஏற முடியாதவர், சதுப்பில் காலை எங்கே வைப்பதென்று பாராமல் நடப்பவர், நின்ற இடத்தில் எல்லாம் உட்காருபவர். இவர்களில் இருவர் இருந்தால் கார்ன் மோர் ஜெரக்கின் 1,220 மீட்டர் உச்சியிலிருந்து வந்த வழியே திரும்புவதாகத் திட்டத்தை மாற்றிவிடலாம், அதுவே நல்ல ஒரு நாள்தான். முகட்டில் இறங்கிய பிறகு அந்த வாய்ப்பு சுருங்கிவிடும். பக்கவாட்டில் கோரி லேஷ் பள்ளத்துக்கு இறங்கும் வழி செங்குத்தானது, கோடைத் தொடக்கம் வரை கெட்டிப் பனி தங்கியிருக்கும். அங்கே இறங்குபவர்களுக்கு உதவ முன்பு நின்ற கம்பங்களும் இப்போது இல்லை.

மலைநடைக் குழுவை நடத்த பிரிட்டனில் தரப்படும் மவுன்டன் லீடர் தகுதிக்குத் தேர்வு எழுதவே குறைந்தது 40 நாள் தரமான மலைநடை பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்தத் தகுதி திட்டமிட்ட கயிற்று வேலைக்கு அனுமதி தருவதில்லை. பையில் இருக்கும் கயிறு அவசரத்துக்கு மட்டும். ஒருவருக்குக் கயிறு தேவைப்படும் என்று வீட்டிலேயே தோன்றினால், அவருக்கு உரிய வழி இதுவல்ல, அல்லது உரிய வழிகாட்டி நீங்கள் அல்ல.

முகட்டில் செய்ய வேண்டியவை எளிமையானவை. கைத்தடிகளை மடக்கிப் பைக்குள்ளே வைக்க வேண்டும். வெளியே செருகினால் பாறையில் இடித்து ஆளைத் தள்ளும். தயக்கம் அதிகமாக உள்ளவர் வழிகாட்டிக்கு நேர் பின்னால், அனுபவம் உள்ளவர் கடைசியில். இரண்டு கை, இரண்டு கால் ஆக நான்கில் மூன்று எப்போதும் பாறையில். பயந்தவர் செய்யும் முதல் காரியம் உட்கார்ந்து சரிவது. அப்போது உடல் எடை பின்னால் போய்க் கால் வழுக்கும். மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேராக இருக்கட்டும் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். முகட்டுக்குச் சற்றுக் கீழே ஒட்டி ஒரு தடம் போகும், பலர் அதைப் பாதுகாப்பு என்று நம்பி இறங்குவார்கள். அங்கே கல் தளர்ந்து கிடக்கிறது. உச்சி விளிம்பின் சிவந்த கருங்கல் சொரசொரப்பாக, மழையிலும் பிடி கொடுக்கும். ஜெரக் என்றால் கேலிக் மொழியில் சிவப்பு, மலைக்குப் பெயரே அந்தக் கல்லால் வந்தது. நிறுத்த வேண்டியது காற்றுக்காக. வீச்சு மணிக்கு 40 மைல் என்று அறிக்கை சொன்னால் அன்று முகடு வேண்டாம். இடைவிட்டு அடிக்கும் காற்று, தூக்கிய காலை வேறு இடத்தில் வைக்கச் செய்யும்.

முகட்டின் தாழ்ந்த இடம் சுமார் 1,060 மீட்டர். அங்கிருந்து பென் நெவிஸ் உச்சிக்குப் பெரும்பாறைகள் மேல் இன்னும் 280 மீட்டர் ஏற வேண்டும். கல்லின் நிறமும் மாறிவிடும், மேலே இருப்பது பழைய எரிமலைப் பாறை. குழுவின் பேச்சு நிற்பது இந்த ஏற்றத்தில். முகட்டில் பயத்தால் பசி தெரிந்திருக்காது, எனவே ஏறும் முன் கட்டாயமாக எதையாவது தின்னவைக்க வேண்டும். வாழைப்பழமோ சாக்லேட்டோ, கையுறையோடு பிரிக்க முடிகிற எதுவும் சரி.

உச்சி 1,345 மீட்டர். 2016 வரை மேப்பில் 1,344 என்றிருந்தது. 1883 முதல் 1904 வரை இங்கே ஒரு வானிலை ஆய்வகம் மணிக்கு மணி அளவெடுத்தது. அதன் இடிபாட்டின் மேல்தான் இன்றைய அவசரக் கூண்டு நிற்கிறது. 1894 செப்டம்பரில் இங்கே தங்கியிருந்த இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன், மேகத்தில் தெரிந்த ஒளிவளையங்களைக் கண்டு அவற்றைச் சோதனைச்சாலையில் உண்டாக்க முயன்றார். அந்த முயற்சி, அணுத்துகள் போன தடத்தைக் காட்டும் மேகப் பேழை என்ற கருவியாகி, 1927இல் நோபல் பரிசு வரை போனது. ஆண்டு மழை 4,000 மி.மீ.க்கு மேல் என்பதையும் அந்த ஆய்வகப் பதிவுகள்தான் காட்டின. இங்கே மேகம் மூடியிருப்பதே வழக்கம் என்று எண்ணித்தான் வேலையைத் திட்டமிட வேண்டும்.

இனித்தான் வேலை. உச்சியில் உள்ள நில அளவைத் தூணிலிருந்து காம்பஸ் வைத்து 231 டிகிரியில் 150 மீட்டர். பிறகு 282 டிகிரி. முதல் எண் கார்டிலூ என்ற பிளவை விலக்குவதற்கு. பீடபூமிக்குள் பல்போலக் கடித்து நுழைந்திருக்கும் அதில் ஆய்வக ஊழியர்கள் குப்பை கொட்டினார்கள். பழைய எடின்பரோவில் ஜன்னலில் இருந்து கழிவுநீர் ஊற்றும் முன் கூவும் சொல் அது, பெயர் ஒட்டிக்கொண்டது. பனிக்காலத்தில் அதன் விளிம்பில் பனி வெளியே நீட்டி நிற்கும், கீழே ஒன்றும் இருக்காது. இரண்டாவது எண் இடப்பக்கத்து ஐவிரல் பிளவை விலக்குவதற்கு. 150 மீட்டரிலேயே திரும்பாமல் நேரே போனவர்கள் இறங்குவது அதற்குள்தான்.

மேகத்துக்குள் தூரத்தை அளப்பது காலடியை எண்ணித்தான். சமதரையில் 100 மீட்டருக்கு இடது கால் 62 முறை விழும் ஆளுக்கு, இந்தக் கல்லில் 75 ஆகும். ஆகவே 150 மீட்டருக்கு 62ஐ வைத்து 93 எண்ணி நின்றால் முன்னதாகவே திரும்பிவிடுவார். எண்ண வேண்டியது 112. உங்கள் எண்ணை வெயில் நாளில், தெரிந்த தூரத்தில் நடந்து பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எண்ணும்போது யாரும் பேசக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மேப்பின் வடக்கும் காம்பஸ் முள் காட்டும் வடக்கும் ஒன்றல்ல, அதற்கான காந்தத் திருத்தமாகப் பழைய மேப் ஐந்தாறு டிகிரி கூட்டச் சொல்லும். இப்போது அந்த வித்தியாசம் ஏறக்குறைய கரைந்துவிட்டது. பழக்கத்தில் 6 டிகிரி கூட்டி 900 மீட்டர் நடந்தால் 90 மீட்டருக்கு மேல் வலப்பக்கம், வடக்குச் செங்குத்தை நோக்கி விலகிவிடுவோம். அதோடு மார்புப் பையில் செல்போன், காந்தப் பொத்தான் வைத்த கையுறை இரண்டும் காம்பஸ் முள்ளை இழுக்கும். செல்போனோடு ஒரே பையில் நாள் முழுக்கக் கிடந்த காம்பஸில் வடக்கும் தெற்கும் இடம் மாறுவதும் உண்டு. அதனால் குழுவுக்கு இரண்டு காம்பஸ், இரண்டும் வேறு வேறு ஆளிடம். கற்குவியல்கள் வரிசையாக இருக்கின்றன, உண்மைதான். அடர்மேகத்தில் அடுத்தது தெரியாது, பனியில் புதைந்துவிடும்.

282 டிகிரி கொண்டுபோய்ச் சேர்க்கும் வளைவுப் பாதையின் அடியில் கடைசிச் சறுக்கல் காத்திருக்கிறது. எதிரே வரும் கூட்டம் எல்லாம் க்ளென் நெவிஸ் பள்ளத்தாக்குப் பக்கமிருந்து வருவது. கால் தானாக அந்தத் திசையில் போகும். கார் நிற்பதோ மலைக்கு மறுபக்கம், சாலை வழியே பல மைல். பாதிவழி ஏரிக்கு வடக்கே திரும்பி, சதுப்பைத் தாண்டி ஓடைக்கு இறங்க வேண்டும். காலையில் பார்த்த பாறைகள் தண்ணீருக்கு வெளியே இருந்தால் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிட்டு, ஒருவர் பின் ஒருவராகக் கடக்கலாம்.