பப்பாளிக்கு எத்தனை கோடு?

மூன்றாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் லீவுக்கு வந்திருந்தாள். அவளுக்காகப் பைத்தான் நிரல்மொழியில் ஒரு சொல் விளையாட்டு எழுதினேன். மறைத்து வைத்த சொல்லில் எழுத்துக்கு ஒரு கோடு. அவள் சொல்லும் எழுத்து எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் திறக்க வேண்டும்.

முதலில் ஆங்கில 'பனானா'வை வைத்துப் பார்த்தேன். 'ஏ' எங்கே என்றால், தேடித் தரும் ஃபைண்ட் கட்டளை 1 என்று முதல் இடத்தை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டது (பைத்தான் இடங்களை 0-இலிருந்து எண்ணும்). கிடைத்த இடத்துக்கு அடுத்ததிலிருந்து மறுபடி தேடு, 'இனி இல்லை' என்பதற்கான -1 வரும்வரை விடாதே என்று ஒரு லூப் போட்டேன். 1, 3, 5. சரி, முடிந்தது என்று தமிழ்ச் சொற்களைப் போட்டு அவளைக் கூப்பிட்டேன்.

முதல் சொல் பப்பாளி. 'ப' என்றாள். 0, 1, 3 திறந்தன. அப்புறம் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்துவிட்டு, விரல் விட்டு எண்ணினாள்.

"மாமா, பப்பாளிக்கு நாலு எழுத்துதானே? ஏன் ஏழு கோடு?"

கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடில் புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடுகள். ப, ப, புள்ளி, ப, துணைக்கால், ள, இகரக் குறி: பைத்தான் எண்ணியது இந்த ஏழைத்தான்.

குறிகளை முந்தைய எழுத்தோடு ஒட்டினால் போதுமே என்று, ஒட்டும் குறிகளுக்கு 0 அல்லாத எண் தரும் என்று நம்பி, பைத்தானின் யூனிகோடுடேட்டா தொகுப்பிலுள்ள கம்பைனிங்கைப் பிடித்தேன். ஏழு ஆறாயிற்று! அது புள்ளிக்கு 9 என்கிறது, துணைக்காலுக்கோ 0. இந்த ஒன்றில் ஒரு மணி நேரம் போயிற்று. அதே தொகுப்பில் குறியீட்டின் வகையைச் சொல்லும் கேட்டகரி, குறிகளுக்கான 'எம்' என்று தொடங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் நான்கு வந்தது. 'கொ'வில் இன்னொரு குழப்பம்: கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் வரலாம், இரண்டாகவும் வரலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஒப்பிட்டால் வேறு வேறு. முதலிலேயே எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

இப்போது கையில் எழுத்துகளின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் இட எண் தரும் எனுமரேட்டில் தேடல் ஒரே வரி. தாத்தாவில் 'தா' 0, 2. எனக்கு ஒரே பெருமை.

அவளுக்கு இல்லை. பப்பாளியில் 'ப' கேட்டால் இப்போது 0 மட்டும். "ப், பா எல்லாம் பானாதானே மாமா?" 247 எழுத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்க அவள் தயாராக இல்லை. நியாயம்தான். பாடுபட்டு ஒட்டிய ஒவ்வொரு எழுத்திலும் முதல் குறியீட்டை மட்டும் பிய்த்து ஒப்பிட்டேன். 0, 1, 2.

கோடு மட்டும் நான்குதான்.