செல்ஃப் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை

நவம்பர் 9, 2024, சனி

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் காலையில் வண்டியை எடுக்கப் போனேன். செல்ஃப் நல்ல வேகத்தில் சுற்றியது. இன்ஜின் பிடிக்கவே இல்லை, ஒரு தும்மல்கூட இல்லை. அம்மாவை ஆட்டோவில் அனுப்பிவைத்தேன்.

அப்பா மதுரை ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் 19 வருஷம் டாக்ஸி ஓட்டிய வண்டி. 1978 மாடல் அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல். போன மாதம் ஆரப்பாளையம் பக்கத்தில் இரண்டு தடவை நடுரோட்டில் நின்றது. பத்து நிமிஷம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆனது. பிளக்கில் பொறி விழக் கரண்டைக் கூட்டித் தரும் காயில் சூடாகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிப் புதுக் காயில் மாட்டிக்கொடுத்தார்கள்.

நவம்பர் 10, ஞாயிறு

அப்பா திண்ணையில் சேர் போட்டு உட்கார்ந்துகொண்டார். “கரண்டா, பெட்ரோலா? மொதல்ல அதச் சொல்லு. அதுக்கு முன்னாடி ஸ்பேனரத் தொடாத” என்றார்.

முதல் பிளக்கைக் கழற்றினேன். முனை நனைந்து, பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. பெட்ரோல் உள்ளே வருகிறது, எரியத்தான் இல்லை. “அப்ப கார்பரேட்டர் பக்கமே போகாத” என்றார். போன மாதம் அதைக் கழற்றிக் கழுவச் சொல்லிச் செலவு வைத்திருந்தார்கள் என்பது இருவருக்கும் ஞாபகம் வந்தது.

அடுத்து, காயிலிலிருந்து வரும் தடித்த வயரை டெல்கோ மூடியிலிருந்து உருவினேன். டெல்கோ என்பது அந்தக் கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர். முனையை இன்ஜின் பிளாக்கிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் தள்ளி இருக்கும்படி, காய்ந்த மரக்குச்சியில் கட்டி நிறுத்தினேன். பக்கத்தில் பெட்ரோல் சிந்தவில்லையே என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். தம்பி செல்ஃப் அடித்தான். பொறி இல்லை. காயிலின் வாயிலேயே கரண்ட் இல்லாதபோது ரோட்டர், மூடி, பிளக் வயர் எதையும் நோண்ட வேண்டியதில்லை. கோளாறு அதற்கு முன்னால்.

நவம்பர் 12, செவ்வாய்

மழை. டெல்கோவுக்குள் திறந்து மூடிக் காயிலின் கரண்டை அறுக்கும் பாயிண்ட்டும், அதோடு சேர்ந்த கண்டென்சரும் புதிதாக வாங்கி மாட்டினேன். பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் வைத்தேன். பொறி இல்லை. சோதிக்காமல் வாங்கியது தப்பு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

நவம்பர் 16, சனி

கார்த்திகை முதல் நாள். காலையிலேயே வண்டிக்கு அடியில் பாய் விரித்தாகிவிட்டது. பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் சால்டர் செய்துகொண்டேன்.

ஒரு வயரை பாடியில் பிடித்து, மற்றதைக் காயிலுக்குக் கரண்ட் வரும் முனையில் வைத்தேன். சாவியைத் திருப்பியதும் பல்பு எரிந்தது. சரி, கரண்ட் வருகிறது. காயிலிலிருந்து டெல்கோவுக்குப் போகும் முனையில் வைத்தேன். செல்ஃப் சுற்றும்போது பாயிண்ட் திறந்து மூட, பல்பு மினுக்கு மினுக்கு என்று அடிக்க வேண்டும். எரியவே இல்லை. டெல்கோவுக்குப் போகும் வயரைக் கழற்றிப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது! அதாவது காயில் வழியாகக் கரண்ட் வருகிறது. டெல்கோவுக்குள் ஏதோ ஒன்று பாடியைத் தொட்டு, கரண்டை விடாமல் எர்த்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது. பாயிண்ட் திறந்தாலும் கரண்ட் அறுபடவில்லை என்றால் காயில் எப்படிப் பொறி தரும்?

வயரைத் திரும்ப மாட்டிவிட்டு, பாயிண்ட்டுக்கு நடுவில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகித் திறந்தே வைத்தேன். எரியவில்லை. கண்டென்சர் வயரைக் கழற்றினேன். அப்போதும் எரியவில்லை. உள்ளே வரும் சின்ன வயரையும் பாயிண்ட்டிலிருந்து விடுவித்தேன். அப்போதும் இல்லை. மிச்சம் அந்த வயர் ஒன்றுதான்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். விரல் நீளம்கூட இல்லாத, துணி சுற்றிய வயர். டெல்கோ சுவரில் நுழையும் இடத்துக்குக் கீழே துணி கருகிப் பொடிந்து, மூன்று நான்கு செம்பு இழைகள் வெளியே நீட்டிக்கொண்டு, பாயிண்ட் உட்காரும் தட்டின் விளிம்பில் உரசிக்கொண்டிருந்தன. அந்த இடத்தில் தட்டு மட்டும் தேய்ந்து மினுங்கியது. ஆக்ஸிலரேட்டரைக் கூட்டிக் குறைக்கும்போது இன்ஜின் காற்றை உறிஞ்சும் விசை (வேக்குவம்) இழுத்து அந்தத் தட்டு கொஞ்சம் திரும்பும். அதோடு வயரும் அசையும். ஆரப்பாளையத்தில் நின்று நின்று ஓடியதற்கு அதுதான் காரணம்.

அப்பாவுக்கு வயரைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நவம்பர் 17, ஞாயிறு

கெட்டி வயர் போட்டால் தட்டு அசைய அசைய ஒடிந்துவிடும். நூல் போன்ற இழைகள் உள்ள, சிலிக்கான் உறை போட்ட வயர் வாங்கி, இரண்டு பக்கமும் மாட்டுவதற்கான உலோக முனை (லக்) வைத்து சால்டர் செய்தேன். நனைந்த பிளக்குகளைக் காயவைத்தேன். பொறி விழும் நேரம் மாறிவிடும் என்பதால் டெல்கோவைத் திருப்பவில்லை.

அரைச் சுற்றில் பிடித்தது.

மாலையில் அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்து ஆரப்பாளையம் வழியாக ஒரு சுற்று போய்வந்தோம். அப்புறம் பழைய காயிலை மாட்டி, அரைமணி நேரம் சூடேற ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு தடவைகூட உதறவில்லை. துணியில் சுற்றி, ஸ்பேராக டிக்கியில் வைத்திருக்கிறேன்.