மூடும் ஆணைக்கும் முறை வேண்டும்

ஒரு காட்டையோ கடற்கரையையோ அருவியையோ காப்பாற்ற வேண்டும் என்ற பேச்சு எழுந்தவுடன், நிர்வாகம் முதலில் எடுப்பது தடை ஆணையைத்தான். மக்கள் நடந்து பழகிய பாதையின் குறுக்கே கம்பி வேலியும், 'அனுமதி இல்லை' என்ற பலகையும் வந்துவிடுகின்றன. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி, எக்காரணத்துக்காக, எதுவரைக்கும் என்ற விவரங்கள் அந்தப் பலகையில் பெரும்பாலும் இருப்பதில்லை. காடுகளில் நடப்பதிலும் பறவைகளைப் பார்ப்பதிலும் ஈடுபாடு கொண்டவன் என்பதால் இத்தகைய பலகைகளை நின்று வாசிப்பது என் வழக்கம். இயற்கையைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து எள்ளளவும் இல்லை. ஆனால், காரணமும் காலமும் சொல்லாத தடை நீடிக்க நீடிக்க, அந்த இடத்தின்மீது மக்களுக்கு இருந்த அக்கறையே குறைந்துபோகிறது. அதன் பிறகு அங்கே சுரங்கமோ கட்டடமோ வந்தால் எதிர்த்துக் கேட்க ஆள் இருப்பதில்லை.

பாதுகாப்பும் பொழுதுபோக்கும் ஒரே சட்டத்துக்குள் இடம்பெற முடியும் என்பதற்குப் பழைய சான்று, அமெரிக்காவின் தேசியப் பூங்காச் சேவையை உருவாக்கிய 1916ஆம் ஆண்டுச் சட்டம். இயற்கைக் காட்சிகளையும் காட்டுயிர்களையும் பேணுவதும், மக்கள் அவற்றைக் கண்டு மகிழ வழிசெய்வதும் அப்பூங்காக்களின் நோக்கம் என்று கூறும் அச்சட்டம், வருந்தலைமுறைகளும் துய்க்கும்படி அவை பழுதுபடாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அதே வாக்கியத்தில் சேர்த்திருக்கிறது. இரண்டும் மோதும் இடத்தில் பாதுகாப்புக்கே முதலிடம் என்பதே அந்த அமைப்பின் கொள்கையும்கூட. 1964இல் வந்த வனாந்தரச் சட்டம் இன்னும் கண்டிப்பானது. அதன்கீழ் வரும் பகுதிகளில் மோட்டார் வாகனங்களுக்கும் இயந்திரக் கருவிகளுக்கும் பொதுவாக இடமில்லை. பாதையில் விழுந்த மரத்தை அகற்றச் செல்லும் பணியாளர்கள்கூட இருவர் இழுக்கும் கைரம்பத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். வருகிறவரைக் கட்டுப்படுத்தும் விதி நிர்வாகத்தையும் கட்டுப்படுத்துவதால்தான் இந்தச் சட்டத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

வட ஐரோப்பிய நாடுகள் எதிர்த்திசையிலிருந்து தொடங்கின. 1957ஆம் ஆண்டின் நார்வேச் சட்டப்படி, பயிரிடப்படாத நிலத்தில், அது தனியாருடையதே ஆனாலும், எவரும் நடந்து செல்லலாம். குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரம் அடிக்கலாம். ஒரே இடத்தில் இரண்டு இரவுகளுக்கு மேல் தங்குவதானால் பொதுவாக உரிமையாளரின் அனுமதி வேண்டும். விளைநிலத்துக்குள் கோடையில் இறங்கக் கூடாது, ஆனால் குளிர்காலத்தில் நிலம் உறைந்தோ பனி மூடியோ கிடக்கும்போது அதைக் கடந்து செல்லலாம் என்ற விதியைப் படித்தபோது, சட்டம் எழுதியவர்கள் நிலத்தின் தன்மையை அறிந்தவர்கள் என்பது விளங்கியது. மண்ணுக்குக் கேடு நேரும் காலத்தில் மட்டுமே அங்கே தடை.

ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் வழங்கும், பிறர் நிலத்திலும் நடமாடும் உரிமை, பொறுப்புடன் நடந்துகொள்பவருக்கே உரியது. அந்தப் பொறுப்பு எது என்பதை விளக்கும் நெறிமுறையும் 2005இல் நடைமுறைக்கு வந்தது. பின்னர் அங்குள்ள லோமண்ட் தேசியப் பூங்காவின் ஏரிக்கரைகளில் கூடாரம் அடிப்பவர்களால் குப்பையும் மரச்சேதமும் பெருகியபோது, பூங்கா நிர்வாகம் பூங்கா முழுவதையும் மூடவில்லை. பாதிப்புக்குள்ளான கரைகளை மட்டும் வரையறுத்து, மார்ச் முதல் செப்டம்பர் முடிய அங்கே கூடாரம் அடிக்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற துணைவிதியைக் கொண்டுவந்தது. உரிமையைக் குறைப்பதாகச் சொல்லி இதை எதிர்த்தவர்களும் உண்டு. அந்த எதிர்ப்பை நான் புறந்தள்ளவில்லை. என்றாலும், எல்லையும் பருவமும் குறிக்கப்பட்ட கட்டுப்பாட்டை வெறும் தடையோடு சேர்த்து எண்ணுவது சரியன்று.

இந்தியாவில் இந்த விவாதம் நீதிமன்றங்களில்தான் கூர்மை பெற்றது. இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் இருந்த ஒரு விடுதி, வெள்ளத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள ஆற்றின் போக்கையே மாற்ற முயன்ற வழக்கில், ஆறு, காடு, கடற்கரை போன்றவற்றை அரசு மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறதே தவிர அவற்றுக்கு உரிமையாளர் அல்ல என்ற பொது நம்பிக்கைக் கோட்பாட்டை 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. விடுதி நடத்துபவருக்கு ஆற்றைத் தாரைவார்க்க முடியாது என்பதற்கு மட்டுமன்றி, காரணமில்லாமல் மக்களை ஆற்றிலிருந்து விலக்கிவைக்க முடியாது என்பதற்கும் இதே கோட்பாடு உதவ வேண்டும் என்பது என் துணிபு. பின்னர் 2012 ஜூலையில் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் சுற்றுலாவுக்கு அதே நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வழிகாட்டு நெறிகள் அறிவிக்கப்பட்ட பின் அக்டோபரில் தடை விலகியது. மையப் பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக் கூடாது என்பதும், வாகன எண்ணிக்கை இடத்தின் தாங்குதிறனைப் பொறுத்தே அமைய வேண்டும் என்பதும் அந்நெறிகளில் இடம்பெற்றன. தடை நீங்குவதற்கான வழி தடையோடு சேர்ந்தே இருந்ததால்தான் சில மாதங்களில் ஒரு முறையான ஏற்பாடு உருவாயிற்று.

தாய்லாந்தின் மாயா விரிகுடா 2018 ஜூனில் மூடப்பட்டபோது, நான்கு மாதம் மட்டுமே என்று அறிவித்தார்கள். பவளப்பாறைகள் தேறாததால் மூடல் நீண்டு, 2022 ஜனவரியில்தான் மீண்டும் திறந்தது. இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் வருவதில்லை. தீவின் மறுபக்கத்தில் இறங்கி மக்கள் நடந்து வருகிறார்கள். கடலின் பொறுமையை அறியாமல் முதலிலேயே தேதி குறித்ததுதான் அங்கே நேர்ந்த குறை. தேதிக்குப் பதிலாக, பவளம் எந்த அளவுக்குத் தேறினால் திறக்கப்படும் என்ற அளவுகோலை அறிவித்திருக்கலாம். கலிபோர்னியாவின் யோசெமிட்டி பூங்காவில் அத்தகைய முறை உண்டு. பொரிவல்லூறுகள் கூடுகட்டும் பாறைமுகங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 15 வரை ஏறக் கூடாது. எந்தெந்தப் பாறைகள் என்று பட்டியல் வெளியாகும். கூடு இல்லை என்று கண்காணிப்பில் தெரிந்த பாறைகள் முன்கூட்டியே திறக்கப்படும். பாறை ஏறுகிறவர்களே கூடுகளைப் பற்றிய தகவல் கொடுத்து உதவும் நிலை அங்கே இருக்கிறது.

சூழல் பாதுகாப்பின் பெயரால் வரும் சில தடைகளுக்கு உண்மைக் காரணம் விபத்து அச்சமே. யாராவது விழுந்து அடிபட்டால் பழி தம்மேல் வரும் என்று அதிகாரியும் நில உரிமையாளரும் அஞ்சுவதில் நியாயம் உண்டு. அமெரிக்க மாநிலங்களில், கட்டணம் வாங்காமல் தம் நிலத்தில் பொதுமக்களை நடமாட விடுகிறவரின் இழப்பீட்டுப் பொறுப்பைக் குறைக்கும் சட்டங்கள் இதற்காகவே இயற்றப்பட்டன.

கட்டணம் வாங்கும் இடங்களில் பணம் எங்கே போகிறது என்பதையும் சட்டமே சொல்ல வேண்டும். 2004ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம், பொழுதுபோக்குக் கட்டணத்தில் பொதுவாக 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் வசூலான இடத்துக்கே ஒதுக்குகிறது. பாதை சீராக்கவும், கழிப்பறை கட்டவும், காவலரை அமர்த்தவும் பணம் இல்லாத நிர்வாகத்துக்கு மூடுவது ஒன்றே எட்டும் வழியாக இருக்கிறது. ஆகவே அடுத்த முறை ஏதேனும் ஓர் இடத்துக்கு மூடல் ஆணை வரும்போது, ஆணையின் நகலோடு அந்த இடத்தின் வரவுசெலவுக் கணக்கையும் கேட்டுப் பெறுங்கள்.