கையில் கட்டும் மருத்துவக் குறிப்பு

பேரிடர் முகாம்களில் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், "சின்ன வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று" என்ற பதிலைத்தான் நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன். அந்த மாத்திரை சர்க்கரை நோய்க்கானதாக இருக்கலாம், வலிப்புக்கானதாகவும் இருக்கலாம். வலிப்பு மருந்து திடீரென நின்றால் வலிப்பு திரும்ப வரக்கூடும் என்பதால், ஊகித்து மருந்து கொடுக்கவும் முடியாது, கொடுக்காமல் விடவும் முடியாது.

2005இல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது காகிதக் கோப்புகள் ஏராளமாக அழிந்தன. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் துறையின் கணினிப் பதிவுகளையோ வெளியூர்களிலிருந்தும் பார்க்க முடிந்தது. 2011 நிலநடுக்கத்தின்போது ஜப்பானில் மின்சாரமும் தொலைபேசியும் செயலிழந்த இடங்களில், மக்கள் கையோடு எடுத்துவந்த மருந்துக் குறிப்பேடுகள் பேருதவியாக இருந்தன. தொலைவு கடந்தும் கிடைக்கும் பதிவு, மின்சாரம் இல்லாமலும் படிக்கக்கூடிய பதிவு ஆகிய இரண்டும் ஒருவர் கையில் கட்டும் பட்டையிலேயே இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

அந்தப் பட்டையில் பதிக்கும் என்எஃப்சி சில்லு என்பது கைபேசியை அருகில் வைத்தால் படிக்கக்கூடிய சிறு மின்னணுச் சில்லு, அதற்குத் தனியே பேட்டரி தேவையில்லை. அருகில் வைக்கும் கைபேசியிலிருந்தே அது ஆற்றலைப் பெற்றுக்கொள்ளும். ஆனால் சில்லில் இணைய முகவரியை மட்டும் எழுதிவைத்து, தகவலை எங்கோ ஒரு சர்வரில் வைத்திருந்தால், இணையம் இல்லாத முகாமில் அதனால் பயனில்லை. ஆகவே ஒவ்வாமை, மருந்தின் பெயர், அளவு, கடைசியாக டயாலிசிஸ் செய்த தேதி ஆகியவை சில்லுக்குள்ளேயே இருப்பதோடு, பட்டையின் மேலும் கண்ணால் படிக்கும்படி அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இரத்த வகையை நான் அவ்வளவு முக்கியமாகக் கருதுவதில்லை. இரத்தம் ஏற்றுவதற்கு முன் எப்படியும் மறுபடி சோதிப்பார்கள்.

பேனாவால் எழுதிய பட்டைகள் தொல்லை தருபவை, ஏனெனில் கிருமிநாசினி பட்டவுடன் பல மைகள் கரைந்துவிடும், மருந்தளவில் ஒரு புள்ளி அழிந்தால் 2.5 என்பது 25 ஆகிவிடும். நசுங்கிய கை வீங்கும்போது பட்டை இறுகிவிடும் என்பதால் அதைக் காயமில்லாத கைக்கு மாற்ற வேண்டும். சட்டையில் குத்துவதும் கூடாது, அவசர சிகிச்சையில் முதலில் வெட்டி எறியப்படுவது துணிதான்.

எல்லாவற்றையும் வெளியில் அச்சிடலாமா என்பதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்த கேள்வி. எச்ஐவிக்கோ மனநோய்க்கோ மருந்து எடுப்பவர் நெரிசலான முகாமில் பக்கத்துப் பாய்க்காரர் படிக்கும்படி அதைக் கையில் கட்டிக்கொள்ளச் சம்மதிக்க மாட்டார். அவரை வற்புறுத்தவும் நமக்கு உரிமையில்லை. அத்தகைய விவரத்தைப் பூட்டிய சில்லுக்குள் வைக்கலாம் என்றால், அவர் மயங்கிக் கிடக்கும்போது அதைத் திறக்கும் அதிகாரம் யாருக்கு என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து, களத்தில் இருக்கும் செவிலியர்வரை அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

முகாமில் கொடுத்த ஊசியும் அதே பட்டையில் நேரத்தோடு ஏற வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மருத்துவமனையில் இன்சுலினை இரண்டாம் முறை போட்டுவிடுவார்கள். தேதியில்லாத பட்டையோடு ஒருவர் வந்தால், அவரிடமும் உடன் வந்தவரிடமும் மறுபடி விசாரித்து, புதுப் பட்டை கட்டிய பிறகே பழையதை வெட்டச் சொல்கிறேன்.