முள் குத்தினால் நெறி கட்டுவது ஏன்?

குளச்சல் கரையில் வலையிலிருந்து கெளுத்தியைக் கழற்றும்போது கையில் முள் ஏறும். குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டப் போகிறவர்களுக்குக் காலில் சுள்ளி குத்தும். இரண்டு நாளில் அக்குளிலோ தொடையிடுக்கிலோ பாக்கு அளவில் ஒன்று தட்டுப்படும். நெறி கட்டியிருக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிடுவார்கள். தயவுசெய்து உருவாதீர்கள். அங்கே பெரிய வேலை நடந்துகொண்டிருக்கிறது.

முள் இறங்கிய இடத்தில், தோலுக்கடியில் பெருவிழுங்கி செல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. கிருமியைக் கண்டதும் விழுங்கத் தொடங்கி, ரசாயனச் சமிக்ஞையும் விடும். அதில் ரத்தக்குழாய் விரிந்து கசிவதால்தான் சிவப்பும் சூடும் வீக்கமும். சில மணி நேரத்தில் அந்தக் கசிவின் வழியே நியூட்ரோபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் வந்து குவியும். எலும்பு மஜ்ஜை தினமும் ஏறக்குறைய பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களை உண்டாக்குகிறது. விழுங்கி, கொன்று, தாமும் செத்துவிடுகின்றன. சீழ் என்பது பெரும்பாலும் இவற்றின் பிணம். சீழில் தெரியும் பச்சை நிறமும் இவை வைத்திருக்கும் ஒரு நொதியுடையது.

1882-ல் இத்தாலியின் மெசினாவில் விலங்கியல் அறிஞர் இலியா மெச்னிகோவ் செய்ததும் முள் குத்திப் பார்த்ததுதான். கண்ணாடி போலிருக்கும் நட்சத்திர மீன் குஞ்சில் முள்ளைச் செருகிவைத்தார். மறுநாள் காலை முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. 1908-ல் நோபல் பரிசு பெற்றார்.

இனி நெறிக்கு வருவோம். டென்ட்ரிடிக் செல் என்ற தூது செல் கிருமியின் துண்டை எடுத்துக்கொண்டு நிணநீர் வழியாக அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் போகும். அங்கே டி செல், பி செல் என்ற வெள்ளை அணுக்கள் இருக்கும். அந்தத் துண்டுக்குப் பொருந்தும் டி செல்லும் பி செல்லும் லட்சத்தில் ஒன்றோ, இன்னும் அரிதாகவோதான் இருக்கும். பொருத்தம் கிடைத்ததும் அது பெருகிப் பல்லாயிரமாகும். கணு வீங்குவது, அதாவது நெறி கட்டுவது, அதனால்தான். புதிய கிருமி என்றால், அதைப் பிடிக்க பி செல்கள் விடும் எதிர்ப்பொருள் போதுமான அளவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். நினைவுச் செல்கள் தங்கிவிடுவதால், அதே கிருமி மறுபடி வந்தால் இவ்வளவு நாள் பிடிக்காது.

முள்ளின் நுனி உள்ளே ஒடிந்திருந்தால் இத்தனையும் வீண். செல்களால் அதைச் செரிக்க முடியாது. அதை எடுக்கும்வரை புண் மூடி மூடி உடையும். சர்க்கரை ஏறியிருப்பவர்களுக்கு நியூட்ரோபில் மெதுவாக வரும், சரியாக விழுங்காது. சீழ் கட்டியை நசுக்கினால் கிருமி பக்கத்துத் தசைக்குப் பரவும். பெரிய கட்டிக்கு மாத்திரை மட்டும் போதாது. மருந்து சீழுக்குள் சரியாக இறங்காது, கீறித்தான் எடுக்க வேண்டும்.

முள் பட்டதும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். காப்பிப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். கெளுத்தி முள்ளில் விஷம் உண்டு; தாங்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வையுங்கள். குத்துப்படாத கையை முதலில் விட்டுப் பாருங்கள், வலிக்கிற கைக்குச் சூடு சரியாகத் தெரியாது.

டெட்டனஸ் விஷயத்தில் உடம்பை நம்பவே கூடாது. அந்தக் கிருமி விடும் நஞ்சு ஆளைக் கொல்லும் அளவு இருந்தால்கூட எதிர்ப்புச் செல்களைத் தூண்டப் போதாது. ஒருமுறை வந்து பிழைத்தவருக்கும் ஊசி வேண்டும். அழுக்கான காயமென்றால், கடைசி ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் மறுபடி 0.5 மி.லி. போட வேண்டும்.

காயத்திலிருந்து சிவப்புக் கோடு மேலேறினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலியில்லாமல் கல் மாதிரி இருக்கும் நெறியையும், நான்கு வாரமாகியும் வற்றாத நெறியையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.